நகரமன்றக் கூட்டத்தில் கேமராவைப் பிடித்திருப்பவர்களுக்கு

நகர அரசுகளின் தொலைக்காட்சிச் சேனல்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சேனலைப் பார்க்கும் சிலரில் நானும் ஒருவன். 'சிலர்' என்றதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நள்ளிரவில் தூக்கம் வராமல் ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகும்போது, பின்னணியில் ஏதோ ஒரு மெல்லிய இசை ஓட, 'இந்த வாரம் குப்பை வண்டி ஒரு நாள் தள்ளி வரும்' என்று ஓர் அறிவிப்பு அசையாமல் நிற்குமே, அந்தச் சேனல். அடுத்து நூலகம் திறக்கும் நேரம், நாய்க்கு உரிமம் எடுக்கக் கடைசி நாள், குழாய் பழுதுபார்க்கும் தெருக்கள், அப்புறம் மறுபடியும் குப்பை வண்டி. பெரும்பாலானவர்கள் இரண்டு விநாடியில் தாண்டிப் போய்விடுவார்கள். நான் நின்று பார்ப்பேன். அந்த அறிவிப்புகளில் ஒரு நேர்மை இருக்கிறது. யாரையும் கவர அவை முயல்வதில்லை.

இந்த மடலை எழுத வைத்தது வேறு. கொஞ்ச காலமாகப் பல நகரச் சேனல்கள் பளபளப்பாகிவிட்டன. மேயர் நாடா வெட்டுகிறார், மேயர் மரம் நடுகிறார், மேயர் குழந்தைகளோடு சிரிக்கிறார். படம் துல்லியமாக இருக்கிறது, வானத்திலிருந்து ட்ரோன் காட்சியும் உண்டு. ஆனால் முன்பு முழுதாக ஓடிய மன்றக் கூட்டம் இப்போது 'முக்கியத் தருணங்கள்' என்று நான்கு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. நான்கு மணி நேரம் நடந்த கூட்டத்தில் எது முக்கியம் என்று யார் முடிவு செய்தார்கள்? அந்தக் கூட்டத்தில் யாருடைய முடிவுகள் கேள்விக்கு உள்ளாயினவோ, அவர்களுடைய அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர். அவர் நல்லவராகவே இருக்கலாம். இருந்தாலும் அந்த வேலையை அவரிடம் கொடுத்திருக்கக் கூடாது.

இதை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு சேனலில் தன்னார்வலராகச் சில மாதங்கள் கேமரா பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்பதுதான் சரி, பிடித்தேன் என்று சொல்ல முடியாது. மன்ற அரங்கின் சுவரில் மூன்று கேமராக்கள் பொருத்தப்பட்டிருந்தன. பின்னாலிருந்த ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, ஒரு குச்சியை அசைத்து அவற்றைத் திருப்ப வேண்டும். பேசுபவரின் பெயரைத் திரையின் அடியில் போட வேண்டும். மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசும் உறுப்பினருக்காக ஒலியைக் கூட்ட வேண்டும், அவர் திடீரென்று மைக் பக்கம் திரும்பியதும் அவசரமாகக் குறைக்க வேண்டும். பொதுமக்கள் பேசும் நேரம் வந்தால் மூலையில் கடிகாரம் ஓடும். ஆளுக்கு மூன்று நிமிடம்.

ஓர் இரவு, ஒரு பேருந்துத் தடத்தை நிறுத்துவது பற்றிய விசாரணை. அரங்கு நிரம்பிவிட்டது. இருக்கை கிடைக்காதவர்கள் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், கதவுக்கு வெளியிலும் ஆட்கள். வேலை முடிந்து சீருடையோடு வந்தவர்கள், ஊன்றுகோலோடு வந்தவர்கள். எனக்குக் கிடைத்த உத்தரவு ஒரே வரி: பேசுபவரின் முகத்தை மட்டும் காட்டு. ஏன் என்று கேட்டேன். அதுதான் வழக்கம் என்றார்கள். சரி என்று அப்படியே செய்தேன். நேரமாகிவிட்டதென்று சிலரைத்தான் பேச விட்டார்கள். மறுநாள் வீட்டில் மறுஒளிபரப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பேர் வந்து ஏதோ குறை சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அந்த அரங்கில் நின்ற கூட்டம் எங்குமே இல்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு விநாடியையும் வெட்டவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தை மறைத்தது என் கைதான்.

கேமரா எங்கே நோக்குகிறது என்ற சண்டை உங்கள் தொழிலில் பழையது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1979 மார்ச்சில் தொலைக்காட்சிக்குத் திறந்துவிடப்பட்டது. சி-ஸ்பான் என்ற நிறுவனம் அதைக் கேபிள் வழியாக வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஆனால் அரங்கில் இருந்த கேமராக்கள் சி-ஸ்பானுடையவை அல்ல. அவை சபையின் சொந்தக் கேமராக்கள், சபாநாயகரின் கட்டுப்பாட்டில் இருந்தவை. அன்றைய அலுவல் முடிந்தபின் உறுப்பினர்கள் விரும்பிய பொருளில் நீண்ட உரை ஆற்றும் வழக்கம் உண்டு. அந்த நேரத்தில் அரங்கில் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். குடியரசுக் கட்சி உறுப்பினர் நியூட் கிங்ரிச்சும் அவருடைய கூட்டாளிகளும் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சியினரைப் பார்த்துச் சவால் விட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் நிற்பார்கள். பதில் சொல்ல ஆளில்லை. வீட்டில் பார்ப்பவருக்கோ எதிர்த்தரப்பு வாயடைத்துப்போனதாகத் தோன்றும். கேமரா பேசுபவரை மட்டுமே காட்டும் என்பது விதியாயிற்றே.

1984 மே மாதத்தில் ஒரு நாள், ஜனநாயகக் கட்சிக்காரரான சபாநாயகர் டிப் ஓ'நீல் முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் கேமராவை அரங்கம் முழுவதும் சுழற்றச் சொன்னார். காலி நாற்காலிகள் நாடு முழுவதும் தெரிந்தன. பெரும் ரகளை ஆயிற்று. அவர் செய்தது கட்சி அரசியல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்று வெளியே வந்த காட்சி உண்மையானது. பிரிட்டிஷ் மக்களவை 1989 நவம்பரில் கேமராக்களை உள்ளே விட்டபோது இதற்கு நேர் எதிரான பாதையில் போனது. பேசுபவரின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தால் போதும், அமளி ஏதாவது நடந்தால் கேமரா உடனே சபாநாயகர் பக்கம் போய்விட வேண்டும் என்று விதி எழுதினார்கள். அமளிதான் அன்றைய செய்தியாக இருந்தாலும்கூட.

எனவே 'நாங்கள் நடுநிலையாகப் படம் பிடிக்கிறோம்' என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. காலி அரங்கை நெருக்கக் காட்சியால் மறைக்கலாம், நிரம்பிய அரங்கையும் அதே காட்சியால் மறைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தவன்.

கூட்டத்தை ஏன் சுருக்கினீர்கள் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: யாரும் நான்கு மணி நேரம் பார்ப்பதில்லை. உண்மை. நானே பார்ப்பதில்லை. என் தெருவைப் பற்றிய தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவது இனம் என்று பார்த்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் ஓட விட்டுப் பார்ப்பேன். பக்கத்துத் தெருக்காரர் வேறொரு பத்து நிமிடத்தைப் பார்ப்பார். நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு நிமிடத்தில் எங்கள் இருவருடைய பத்து நிமிடங்களும் இருக்காது. முழுக் கூட்டமும் கிடைத்தால்தான் ஆளுக்கொரு துண்டு கிடைக்கும்.

அதோடு, உள்ளூர் மன்றக் கூட்டம் சலிப்பானது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 டிசம்பரில் இங்கிலாந்தில் ஹேண்ட்ஃபோர்த் என்ற சிறிய ஊரின் மன்றம் சூம் வழியாகக் கூடியது. உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை என்று ஒருவர் கத்தினார். கூட்டத்தை நடத்திக் கொடுக்க வந்திருந்த ஜாக்கி வீவர் கொஞ்சமும் பதறாமல் அவரைக் கூட்டத்திலிருந்து வெளியேற்றினார். அந்தப் பதிவு 2021 பிப்ரவரியில் பரவியபோது இலட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். வரைகலை இல்லை, பின்னணி இசை இல்லை, தொகுப்பாளரும் இல்லை. ஆட்சி செய்யும் மனிதர்கள் நம்மைப் போலவே கோபப்படுகிறார்கள், பிடிவாதம் பிடிக்கிறார்கள், மைக்கை அணைக்க மறந்துவிடுகிறார்கள் என்பதைப் பார்க்க மக்களுக்குப் பிடித்திருக்கிறது. மேயர் மரம் நடும் காட்சிக்கு அந்தக் கூட்டம் வராது.

இந்தச் சேனல் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் நினைவூட்டலாமா? புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரிகள் பலர் இதைத் தங்கள் மக்கள் தொடர்புத் துறையின் ஒரு கிளை என்றே நினைக்கிறார்கள். வரலாறு வேறு. 1968இல் வர்ஜீனியாவில் டேல் சிட்டி என்ற குடியிருப்புப் பகுதியில், கேபிளில் ஒரு சேனலை அங்கிருந்தவர்களே எடுத்து நடத்தினார்கள். விளம்பரம் கிடையாது. அமெரிக்காவின் முதல் சமூகத் தொலைக்காட்சி என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். 1971 ஜூலையில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் பொது அணுகல் சேனல்கள் தொடங்கின. யார் வேண்டுமானாலும் வந்து நேரம் கேட்கலாம், முதலில் வந்தவருக்கு முதலில். அதே ஆண்டு ஜார்ஜ் ஸ்டோனியும் ரெட் பர்ன்ஸும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கி, தோளில் மாட்டிக்கொள்ளும் வீடியோ கருவியைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்துப் பழக்கினார்கள்.

1972இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் பெரிய சந்தைகளில் இருந்த கேபிள் நிறுவனங்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது. பொதுமக்களுக்கு ஒன்று, கல்விக்கு ஒன்று, உள்ளாட்சிக்கு ஒன்று என்று சேனல்களை ஒதுக்க வேண்டும். இந்த மூன்றும் ஒரே மூச்சில் பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். ஆணையத்துக்கு அப்படி விதி போட அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிறகு நாடாளுமன்றம் 1984இல் கேபிள் சட்டத்தைக் கொண்டுவந்து, இத்தகைய சேனல்களைக் கேட்டுப் பெறும் உரிமையை நகரங்களிடமே கொடுத்தது. ஊரின் தெருக்களுக்கு அடியிலும் கம்பங்களிலும் கம்பி இழுத்துக்கொள்ள நிறுவனம் அனுமதி கேட்கிறது. பதிலுக்கு நகரம் சேனல் கேட்கலாம், கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை உரிமக் கட்டணமும் வாங்கலாம். அந்தச் சேனல்களில் வரும் உள்ளடக்கத்தில் நிறுவனம் தலையிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. ஆக, இந்தச் சேனல் தெருவுக்குக் கிடைத்த வாடகை. தெரு யாருடையதோ, சேனலும் அவர்களுடையது. உங்களுக்குத் திறவுகோலைக் கொடுத்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மற்ற நாடுகளும் ஏறக்குறைய இதே எண்ணத்துக்கு வந்து சேர்ந்தன. ஜெர்மனியில் 1984இல் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் முதல் திறந்த சேனல் வந்தது. பிரேசில் 1995இல் போட்ட கேபிள் சட்டம் நகரமன்றங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் இலவசச் சேனல்கள் ஒதுக்கச் சொன்னது.

எனக்கு மிகப் பிடித்தது இவற்றுக்கெல்லாம் முந்தைய ஒரு கதை. அதில் சேனலே கிடையாது. 1967இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபோகோ என்ற தீவு. மீன்பிடிப்பு நொடித்திருந்தது. மக்களை வேறிடங்களுக்குக் குடிபெயர்ப்பதே வழி என்று அரசு நினைத்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து கோலின் லோ என்ற இயக்குநர் அங்கே போனார். ஒரு பெரிய ஆவணப்படம் எடுப்பதற்குப் பதிலாக இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தார்கள். ஒன்றில் ஒரு மீனவர் பேசுவார், ஒன்றில் ஒரு கூட்டம், இன்னொன்றில் ஒரு கல்யாணம். எடுத்ததை முதலில் பார்த்தவர்கள் அதில் இருந்தவர்களே. வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பகுதியை நீக்கினார்கள். பிறகு தீவின் மற்ற ஊர்களில் போட்டுக் காட்டினார்கள். சின்னத் தீவுதான், ஆனாலும் ஊருக்கு ஊர் பேச்சுவார்த்தை குறைவு. அடுத்த ஊர்க்காரன் சொல்வதும் நம் பிரச்சினையைத்தான் என்பது அவர்களுக்குத் திரையில்தான் தெரிந்தது. அந்தப் படங்களை அமைச்சர்களும் பார்த்தார்கள், அவர்கள் சொன்ன பதிலும் படமாகித் தீவுக்குத் திரும்பியது. மக்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். தீவை விட்டுப் போகவில்லை.

இந்தியாவிலும் ஒன்று நடந்தது. 1975 முதல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற கிராமத்தில் நிறுவப்பட்ட ஒரு சிறிய ஒளிபரப்புக் கோபுரத்தின் வழியாக, இஸ்ரோவின் அகமதாபாத் மையம் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காகவே நிகழ்ச்சிகள் செய்தது. கூலிப் பிரச்சினை, சாதிக் கொடுமை, பெண்களின் நிலை எல்லாம் அந்த ஊர்க்காரர்களின் பேச்சிலேயே வந்தன. விண்வெளி ஆராய்ச்சி நடத்திய அமைப்பு ஒரு மாவட்டத்தின் வயல் கூலியைப் பற்றி நாடகம் போட்டது. நகர அரசுக்கு மட்டும் தன் குடிமக்களின் குரலைப் போட என்ன தயக்கம்?

தயக்கம் எனக்கும் புரியாமல் இல்லை. ஸ்டூடியோவைத் திறந்து விட்டால் யார் வருவார்கள், என்ன பேசுவார்கள் என்று தெரியாது. பொது அணுகல் சேனல்களில் நல்லதும் வந்திருக்கிறது, சகிக்க முடியாததும் வந்திருக்கிறது. நான் இருந்த இடத்தில் ஒருவர் வாராவாரம் வந்து, கேமராவைப் பார்த்தபடி அரை மணி நேரம் தன் தோட்டத்துப் புழுக்களைப் பற்றிப் பேசுவார். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு தெருவில் அவரை நிறுத்தி மண்ணைப் பற்றிச் சந்தேகம் கேட்கும் ஆட்களைப் பார்த்தேன். இன்னொருவர் எல்லா வாரமும் மன்றத்தைத் திட்டினார். அவர் திட்டியதில் பாதி தவறு. மீதிப் பாதி, வேறு யாரும் கேட்காத கேள்வி.

மேயர் திரையில் வருவதே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எப்படி வருகிறார் என்பதுதான் விஷயம். வெர்மான்ட்டின் பர்லிங்டன் நகரில் 1981 முதல் 1989 வரை மேயராக இருந்த பெர்னி சாண்டர்ஸ், 1986 முதல் 1988 வரை உள்ளூர் அணுகல் சேனலில் ஒரு நிகழ்ச்சி செய்தார். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வணிக வளாகத்துக்குப் போய், விநோதமாக முடி வெட்டிக்கொண்ட இளைஞர்களை நிறுத்தி, ஏன் இப்படி என்று விசாரித்தார். பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து பேசினார். அவருக்கு அரசியல் ஆதாயம் இருந்திருக்கும், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் எதிரில் நிற்பவர் என்ன சொல்வார் என்று தெரியாத இடத்தில் அவர் நின்றார். வெட்டி ஒட்டிய வாழ்த்துச் செய்தியில் அந்த ஆபத்து கிடையாது. அந்த நாடாக்களை அங்கே ஒருவர் பத்திரமாக வைத்திருந்தார் என்பதால்தான் 2019இல், அவர் அதிபர் வேட்பாளராக நின்றபோது, நாடே எடுத்துப் பார்க்க முடிந்தது.

பத்திரமாக வைப்பது என்றதும் என் பழைய குறை ஒன்று ஞாபகம் வருகிறது. வீட்டுக்கு அருகே ஒரு நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்றும் விசாரணை. அந்த நிலத்தில் ஒரு பகுதி வெற்றிடமாகவே விடப்படும் என்று அன்று ஓர் அதிகாரி வாய்மொழியாக உறுதி கொடுத்தார். நான் கூட்டத்தில் இருந்தேன், காதால் கேட்டேன். நான்கு வருடம் கழித்து அங்கே கட்டடம் எழும்பியது. கூட்டக் குறிப்பைப் புரட்டினால், 'விவாதத்துக்குப் பின் தீர்மானம் நிறைவேறியது' என்று ஒரே வரி. பதிவைக் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, இடம் போதாது என்றார்கள். கட்டடம் நல்ல கட்டடம்தான், ஒரு சிறு நிழலும் விழுகிறது. ஆனால் அந்த அதிகாரி சொன்ன வார்த்தை இப்போது என் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. என் ஞாபகத்தை எந்த அலுவலகம் ஏற்கும்?

உங்கள் அடித்தளத்திலோ பீரோவிலோ பழைய நாடாக்கள் இருந்தால், தயவுசெய்து இந்த ஆண்டே எடுத்துப் பாருங்கள். காந்த நாடா அப்படியே கிடந்தாலும் கெடும். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்குக் கருவி வேண்டும். விஎச்எஸ் கருவிகளைக் கடைசிவரை தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. அதற்கு முந்தைய யூ-மாட்டிக் நாடாக்களின் நிலை இன்னும் மோசம். எண்பதுகளின் நகரமன்றக் கூட்டங்கள் பல அந்த நாடாக்களில்தான் இருக்கின்றன. சில இடங்களில் அதுவும் இல்லை, அதே நாடாவில் அடுத்த கூட்டத்தைப் பதிந்து அழித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் யூடியூபில் ஏற்றிவிட்டோமே என்பீர்கள். ஏற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே மட்டும் வைக்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் சில உள்ளாட்சி, பள்ளி வாரியக் கூட்டங்களின் பதிவுகளை யூடியூப் நீக்கியது. காரணம், பொதுமக்கள் பேசும் நேரத்தில் யாரோ கோவிட் பற்றித் தவறாக ஏதோ சொன்னார்கள். சொன்னது தவறாகவே இருக்கட்டும். அன்று அந்த மன்றத்தில் அது சொல்லப்பட்டது, அதைக் கேட்ட பிறகு உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். அந்தப் பதிவு நிற்பதா போவதா என்பதை ஒரு தனியார் நிறுவனத்தின் விதி முடிவு செய்துவிட்டது. சொந்தமாக ஒரு பிரதி வையுங்கள். நிகழ்ச்சி நிரலின் ஒவ்வோர் இனத்துக்கும் நேரக் குறிப்பு போட்டு, பேசிய வார்த்தையைத் தேடினால் அந்த இடத்துக்கே போகும்படி செய்யுங்கள். காது கேளாதவர்களுக்காகப் போடும் எழுத்து வரிகளே இந்தத் தேடலுக்கும் உதவும். ஒரு வேலை, இரண்டு பயன். இயந்திரம் தானாக எழுதும் வரிகளை ஒருமுறையாவது மனிதர் படித்துத் திருத்தட்டும். ஆட்பெயர்களையும் தெருப்பெயர்களையும் அது படுத்தும் பாடு சொல்லி மாளாது.

மொழியையும் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரம் 1962 முதல் தனக்கென்று ஒரு தொலைக்காட்சி நிலையமே வைத்திருந்தது. அதன் நேரத்தில் ஒரு பகுதியில் பல மொழிச் சமூகங்களின் நிகழ்ச்சிகள் ஓடின. தொண்ணூறுகளின் நடுவில் அதை 20 கோடி டாலருக்கும் மேல் விலைக்கு விற்றுவிட்டார்கள். நகரத்துக்குப் பணம் வந்தது. வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசி வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு, சொத்துவரி அறிவிப்பைத் தன் மொழியில் காதால் கேட்பது பெரிய விஷயம் என்பதை அந்த விலைப் பட்டியலில் எங்கே போடுவது?

பணம் இல்லை என்பீர்கள், அது பொய்யில்லை. மக்கள் கேபிளை வெட்டிவிட்டு இணையத்துக்குப் போகிறார்கள், உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நகரத்துக்கு நிறுவனங்கள் பொருளாகவும் சேவையாகவும் தருவதையும் 5 சதவீத வரம்புக்குள் கணக்கிடலாம் என்று தகவல்தொடர்பு ஆணையம் 2019இல் ஆணையிட்டது, அதனால் கைக்கு வரும் பணம் இன்னும் சுருங்கும். ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டு நகரங்கள் வழக்குப் போட்டன. பெரும்பாலும் தோற்றன. ஓஹையோ உச்ச நீதிமன்றம் 2022இல் நெட்ஃப்ளிக்ஸும் ஹுலுவும் கட்ட வேண்டியதில்லை என்றது. இந்த நெருக்கடியில் சேனலை ஒரு தனியார் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம் என்ற யோசனையும் அடிக்கடி எழுகிறது. நன்றாக நடத்தும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் மன்ஹாட்டனின் பொது அணுகல் சேனல்களை நடத்தும் தனியார் நிறுவனம் பற்றிய வழக்கில் 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்ததைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அப்படிப்பட்ட தனியார் நிறுவனம் அரசின் அங்கமாகாது, பேச்சுரிமை பற்றிய அரசியலமைப்பு விதி அதைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் மக்களுக்கு அங்கே உரிமை என்று எதுவும் மிஞ்சாது.

முழுக் கூட்டத்தை ஒளிபரப்பச் செலவு அதிகம் என்பதை மட்டும் நம்ப மாட்டேன். கேமரா சுவரில் இருக்கிறது. வெட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும், வெட்டாமல் விட வேண்டாம். ட்ரோனை ஒரு வருடம் கீழே வைத்தால் நேரக் குறிப்பு போட ஓர் ஆள் கிடைப்பார். ஸ்டூடியோவை மாதத்தில் இரண்டு மாலை திறந்து வைத்து, கருவியைக் கையாளக் கற்றுக்கொடுங்கள். என்னைப் போன்றவர்கள் சும்மா வந்து கற்றுத்தரக்கூடத் தயார்.

கேமராவை அகலமாக வைக்க ஒரு காசும் ஆகாது. எங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். பொருள், இந்த மடலில் உள்ளதுதான். ஒருவேளை அரங்கில் என்னைத் தவிர யாரும் இல்லாமலும் போகலாம். அப்படியே ஆனாலும் பரவாயில்லை, என் மூன்று நிமிடத்தில் ஒரு தடவையாவது அரங்கம் முழுவதையும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சேனலின் பார்வையாளன், பழைய கேமராக்காரன்